சவ்வின் இரு பக்கமும் கணக்குப் பார்த்த டொன்னன்

டொன்னன் சமநிலை என்றதும் நம்மில் பலருக்கு ஒரு பரீட்சைக் கேள்விதான் ஞாபகத்துக்கு வரும். ஃபார்முலாவை எழுதினோம், மார்க் வாங்கினோம், மறந்தோம். அந்தப் பெயருக்கு உரிய மனிதரைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போமா?

ஃபிரெடரிக் ஜார்ஜ் டொன்னன் பிறந்தது 1870-இல், கொழும்பில். வளர்ந்தது அயர்லாந்தின் வடபகுதியில். சிறு வயதில் நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. பையன் அதற்காகச் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. பெல்ஃபாஸ்டில் படித்தார். ஜெர்மனிக்குப் போய், லைப்சிக்கில் ஆஸ்ட்வால்டின் மாணவராக 1896-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பெர்லினில் வான்ட் ஹாஃபிடமும் பணியாற்றினார். 1904-இல் லிவர்பூலில் பேராசிரியர் ஆனார்.

அவருடைய புகழ்பெற்ற சவ்வு ஆய்வு 1911-இல் வெளிவந்தது. விஷயம் இதுதான். சவ்வின் ஒரு பக்கம் காங்கோ ரெட் போன்ற சாயக் கரைசல், மறுபக்கம் சாதாரண உப்புக் கரைசல். சோடியமும் குளோரைடும் சவ்வைத் தாண்டும். எதிர்மின் ஏற்ற சாய அயனி பெரியது, அதனால் தாண்டாது. சாயம் இல்லையென்றால் உப்பு இரு பக்கமும் சரிபாதியாகப் பிரிந்துவிடும். சாயம் இருந்தால் கதையே வேறு. சோடியம் செறிவையும் குளோரைடு செறிவையும் பெருக்கினால் வரும் தொகை இரு பக்கமும் சமமாக வேண்டும். சாயத்தின் பக்கம் ஏற்கெனவே சோடியம் நிறைய இருப்பதால், அங்கே குளோரைடுக்கு இடம் குறைந்துவிடுகிறது.

சாய அயனிக்கு ஒரே மின்னூட்டம், இரு பக்கமும் ஒரே கன அளவு, ஒரே செறிவு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். உப்பில் மூன்றில் ஒரு பங்குதான் சாயத்தின் பக்கம் போகும். உப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் சுமார் 8 சதவீதம்தான் போகும். பத்து மடங்காக்கினால் கிட்டத்தட்ட 48 சதவீதம், அதாவது ஏறக்குறைய பாதி. ஆக, தாண்ட முடியாத ஒன்று மற்றவற்றின் போக்குவரத்தை மாற்றுகிறது. உப்பு அதிகமாக அதிகமாக அந்தச் செல்வாக்கு அடங்கிப்போகிறது. ரத்தத்தில் உள்ள புரதத்துக்கும் இதே சட்டம்தான். சாயத்திலிருந்து உப்பைப் பிரிக்கும் நானோ ஃபில்ட்ரேஷன் பிளாண்டிலும் இதைத்தான் பார்க்கிறோம். சாயம் தங்கிவிடும், குளோரைடை வெளியே தள்ளிவிடும்.

1913-இல் டொன்னன் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜுக்குப் போனார், 1937 வரை அங்கே இருந்தார். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியில் எத்தனையோ விஞ்ஞானிகள் ஒரே உத்தரவில் வேலை இழந்தார்கள். ஐரோப்பாவை விட்டு வெளியேறத் தவித்த பலருக்கு இவர் கைகொடுத்தார். எட்வர்ட் டெல்லர் லண்டன் வந்து சேர்ந்தது இவர் உதவியால்தான். ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியே நடப்பது தமக்குச் சம்பந்தமில்லை என்று அவர் இருந்துவிடவில்லை. 1956-இல் காலமானார்.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த ஃபார்முலாவை மனப்பாடம் செய்து விட்டுவிடாதீர்கள். உப்பின் அளவை மூன்று விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிளாண்டில் மீட்டர் முன்னால் நிற்கும் நாளில் அது கட்டாயம் கைகொடுக்கும்.