தத்துவ போதகரின் காவியும் நமது வெண்ணாடையும்



நம் பகுதியில் பட்டாசு ஆலைக்குச் செல்வோர் பருத்தி ஆடையே உடுத்த வேண்டும் என்பது விதி. நைலான் போன்ற துணி உரசினால் பொறி எழும். ஆகவே பருத்தி ஆடை உயிரைக் காக்கிறது. ஆனால் ஆடையின் வேலை உடலைக் காப்பதோடு முடிந்துவிடுவதில்லை. உடுத்தியவன் யார், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதை அது வாய் திறவாமலே சொல்லிவிடுகிறது. மேல்குலத்தார் எதிரே வந்தால் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்ட காலத்தைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆடையை மாற்றியதால் மதுரைத் திருச்சபையின் வரலாற்றையே மாற்றிய ஒரு குருவானவரின் வாழ்வை இந்த ஜூபிலி மலரில் நினைவுகூர்வது பொருத்தமெனக் கருதுகிறோம்.

ராபர்ட் தெ நோபிலி சுவாமிகள் 1577-ஆம் ஆண்டு இத்தாலியில் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தார். குடும்பத்தாரின் எதிர்ப்பை மீறிச் சேசு சபையில் சேர்ந்து, 1603-இல் குருப்பட்டம் பெற்றார். 1605-இல் கோவாவை அடைந்தார். 1606 நவம்பரில், நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே பெர்னாண்டஸ் சுவாமிகள் பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பரதவக் கிறிஸ்தவர்களுக்கு ஞானப் பணி புரிந்து வந்தார். உள்ளூர் மக்களோ வேதத்தை அணுகவில்லை. கறுப்பு அங்கி, தோல் செருப்பு, மாமிசம், மது ஆகியவற்றைக் கண்ட அவர்கள், கிறிஸ்துவின் மறை என்றாலே பரங்கியரின் மறை என்று ஒதுங்கிவிட்டனர். போதனையைக் கேட்பதற்கு முன்னரே போதகரின் ஆடை அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டது.

இதை உணர்ந்த நோபிலி சுவாமிகள் கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார். பாதக்குறடு அணிந்து, தண்டும் கமண்டலமும் ஏந்தி, நாளுக்கு ஒருவேளை மரக்கறி உணவு உண்டு, துறவியாக வாழ்ந்தார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். தமிழில் ஞானோபதேச நூல்கள் இயற்றினார். மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தனர். அவருக்கு வடமொழி கற்பித்த சிவதர்மர் என்னும் பிராமணர் திருமுழுக்குப் பெற்றபோது, பூணூலையும் குடுமியையும் அகற்றும்படி அவர் கட்டாயப்படுத்தவில்லை. அவை குலத்தைக் குறிக்கும் உலக வழக்கமேயன்றி விக்கிரக வழிபாடல்ல என்பது அவர் கருத்து.

இதனால் பெரும் புயல் எழுந்தது. பெர்னாண்டஸ் சுவாமிகளே மேலிடத்துக்கு முறையிட்டார். உறவினரான கர்தினால் பெல்லார்மின்கூட முதலில் மனம் வருந்தினார். 1619-இல் கோவாவில் கூடிய ஆலோசனைச் சபையில் பலர் அவரை எதிர்த்தனர். அவர் பணிவோடும் உறுதியோடும் தம் காரணங்களை எழுதி அனுப்பினார். இறுதியில் 1623 ஜனவரி 31-ஆம் நாள் திருத்தந்தை 15-ஆம் கிரகோரியார், மூட நம்பிக்கை கலவாதபடி பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றை அனுமதித்தார். ஆயினும் உயர்குலத்தார் எளியோரை இகழலாகாது என்றும் அதே ஆவணத்தில் அறிவுறுத்தினார்.

அந்த அறிவுரைக்குத் தேவை இருந்தது என்பதை நாம் மறைக்கலாகாது. காவி உடை ஒரு கதவைத் திறந்தபோது இன்னொரு கதவை ஒருக்களித்து வைத்தது. பரங்கியர் என்ற பெயர் தம்மேல் படியாதிருக்கச் சுவாமிகள் பெர்னாண்டஸ் சுவாமிகளின் இல்லத்தையும் கோவிலையும் விட்டு விலகி வாழ நேர்ந்தது. ஒரே ஊரில், ஒரே ஆண்டவரை வழிபட்டவர்கள் வெவ்வேறு கோவில்களில் முழந்தாளிட்டனர். இக்குறையைப் போக்க, ஏறத்தாழ 1640-இல் பல்தசார் தா கோஸ்தா சுவாமிகள் பண்டாரசாமி உடையை மேற்கொண்டார். அந்த உடையில் எல்லாக் குலத்தாரிடமும் செல்ல முடிந்தது. 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும் இவ்வழியில் வந்தவரே.

முதுமையில் பார்வை மங்கிய நோபிலி சுவாமிகள் 1656 ஜனவரி 16-ஆம் நாள் மயிலாப்பூரில் இறைவனடி சேர்ந்தார்.

அவருடைய வாழ்வு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. கிறிஸ்துவை ஏற்கத் தமிழன் தன் உடையையும் மொழியையும் துறக்க வேண்டியதில்லை என்பது ஒன்று. அவ்வுடை நம் சகோதரனைத் தள்ளி நிறுத்தும் வேலியாக மாறிவிடக் கூடாது என்பது மற்றொன்று. இன்று துண்டை அவிழ்க்கச் சொல்வார் இல்லை. ஆனால் கோவிலில் யார் அருகில் அமர்வது, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த இடம் என்று பார்க்கும் கண் நம்மிடையே இன்னும் மூடவில்லை. திருமுழுக்கின்போது நமக்கு வழங்கப்பட்ட வெண்ணாடையில் குலத்துக்கொரு கரை போட்டிருக்கவில்லை. ஜூபிலித் திருப்பலிக்குப் புத்தாடை உடுத்தி வரும் நாம் அந்த வெண்ணாடையையும் மறவாமல் உடுத்தி வருவோமாக.