பிராம் ஃபிஷர்: பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட வக்கீல்

நெல்சன் மண்டேலாவைத் தெரியாதவர் நம் பாலிடெக்னிக்கில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் 1964-ல் அவரைத் தூக்குக் கயிற்றிலிருந்து மீட்ட வக்கீல்களுக்குத் தலைமை தாங்கியவர் யார் என்று ஹாஸ்டலில் கேட்டுப் பாருங்கள், பத்து ரூமில் ஒன்பது ரூம் முழிக்கும். அவர் பெயர் பிராம் ஃபிஷர். தென்னாப்பிரிக்க வெள்ளைக்காரர்.

அதுவும் சாதாரண வெள்ளைக்காரர் இல்லை. 1908-ல் ப்ளூம்ஃபான்டீன் நகரில், நாட்டை ஆண்ட ஆப்பிரிக்கானர் இனத்தில் பிறந்தவர். தாத்தா ஆரஞ்சு ரிவர் காலனியின் பிரதமர், அப்பா ஜட்ஜ். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு வந்து, ஜோகன்னஸ்பர்க்கில் சுரங்கக் கம்பெனிகளுக்கு ஆஜராகிக் கை நிறையச் சம்பாதித்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தலைமை நீதிபதி ஆகியிருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1950-ல் அரசு கட்சியைத் தடை செய்த பின்னும் ரகசியமாகத் தொடர்ந்தார். 1956-ல் 156 பேர் மேல் தேசத்துரோக வழக்கு வந்தபோது அவர்களுக்காக வாதாடிய வக்கீல்களில் இவரும் ஒருவர். 1961-ல் கடைசி ஆள் வரை விடுதலை!

இனிமேல்தான் விஷயமே. 1963 ஜூலையில் ரிவோனியா பண்ணையில் போலீஸ் புகுந்து தலைவர்களைப் பிடித்தது. ஏற்கெனவே சிறையில் இருந்த மண்டேலாவும் அதே வழக்கில் சேர்க்கப்பட்டார். ஃபிஷர் பலமுறை போய்வந்த பண்ணை அது! கைப்பற்றிய காகிதங்களில் அவர் கையெழுத்தில் இருந்தவையும் உண்டு. பண்ணை ஆட்கள் சாட்சி சொல்ல வந்த நாட்களில், அடையாளம் காட்டிவிடுவார்களோ என்று கோர்ட்டுக்கே வராமல் இருந்துவிட்டார். வைவாவில் எக்ஸ்டர்னல் முன்னால் உட்காரவே நமக்குக் கை நடுங்குது. இந்த மனுஷன் எந்த நிமிடமும் குற்றவாளிக் கூண்டில் ஏறலாம் என்று தெரிந்தே மாதக்கணக்கில் வாதாடினார்.

1964 ஜூன் 12-ல் எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை. தூக்கு யாருக்கும் இல்லை. மறுநாளே மகளின் 21-வது பிறந்தநாளுக்காக மனைவி மாலியோடு கேப்டவுனுக்குக் கார் ஓட்டிப் போனார். வழியில் கார் தண்ணீருக்குள் இறங்கி, மாலி மூழ்கி இறந்தார். சில நாள் கழித்து அப்பீல் பற்றிப் பேச ராபன் தீவுச் சிறைக்குப் போனபோது, மாலி எப்படி இருக்கிறார் என்று மண்டேலா விசாரித்தார். ஃபிஷர் பதில் சொல்லாமல் திரும்பி நடந்துவிட்டார். செய்தி பிறகு ஜெயில் அதிகாரி மூலமாகத்தான் மண்டேலாவுக்குத் தெரிந்தது.

செப்டம்பரில் ஃபிஷரும் கைது. மருந்துக் கம்பெனி பேடன்ட் வழக்கு ஒன்றுக்காக ஜாமீனில் லண்டன் போக விட்டார்கள். அங்கேயே தங்கிவிடச் சொன்னவர்கள் உண்டு. வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று திரும்பி வந்தார். ஆனால் 1965 ஜனவரியில், தன் வழக்கு நடக்கும்போதே தலைமறைவானார். அப்போ வாக்கு என்னாச்சு என்று நீங்க கேட்பீங்க. லண்டனில் தங்கியிருந்தால் தன் தலை தப்பியிருக்கும், அவ்வளவுதான். இவர் ஒளிந்ததோ ஜோகன்னஸ்பர்க்கிலேயே, வேஷம் மாற்றி, வேறு பெயரில், கட்சி வேலையைத் தொடர. எனக்கு அது ஓட்டமாகத் தெரியவில்லை. சக வக்கீல்களுக்கு அப்படித் தெரிந்தது. பார் கவுன்சிலே மனுப் போட்டு, வக்கீல் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்க வைத்தது. மற்ற எதையும்விட இதுதான் அவரை அதிகம் வருத்தியது.

அந்த நவம்பரில் பிடிபட்டார். 1966-ல் சதி வழக்கில் ஆயுள் தண்டனை. பிரிட்டோரியா சிறையில் கூட இருந்தவர் டெனிஸ் கோல்ட்பர்க். ரிவோனியா வழக்கில் ஃபிஷர் வாதாடிக் காப்பாற்றிய அதே ஆள்! 1971-ல் மகன் பால் இறந்தபோது ஃபிஷரை அடக்கத்துக்கு அனுப்பவில்லை. 1974-ல் புற்றுநோய். அதோடு கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்தது. எக்ஸ்ரே எடுக்கவே நாள் கணக்கில் இழுத்தடித்தார்கள். தூக்கி உட்கார வைத்து, கழுவிவிட்டுப் பார்த்துக்கொண்டவர் கோல்ட்பர்க்தான்.

சாகும் தறுவாயில் ப்ளூம்ஃபான்டீனில் தம்பி வீட்டுக்கு விட்டார்கள். அந்த வீட்டையும் சிறை என்றே அறிவித்துவிட்டு! 1975 மே 8-ல் இறந்தார். அஸ்தியைக்கூடக் குடும்பத்துக்குத் தரவில்லை, சிறை இலாகா வாங்கிக்கொண்டது.

2003-ல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் அவர் பெயரை மறுபடி வக்கீல் பட்டியலில் சேர்த்தது. இறந்துபோன ஒருவருக்கு அந்த நாட்டில் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.