கணக்குக் கேட்ட கோகலே

ஒரு சங்கம் ஐம்பது ஆண்டு நிலைத்திருக்கிறது என்றால், ஐம்பது முறை வரவு செலவுக் கணக்கு உறுப்பினர்கள் முன் வாசிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கணக்கின்மீது யாராவது எழுந்து ஒரு கேள்வி கேட்டால், அவரை நிர்வாகத்துக்கு வேண்டாதவராகப் பார்க்கும் பழக்கம் பொதுவாக எல்லாச் சங்கங்களிலும் உண்டு. தினமும் கடைக் கணக்கோடு புழங்கும் எனக்கு இது வருத்தமாக இருக்கும். கேள்வி கேட்பதையே தொண்டாகச் செய்து, கேட்கப்பட்டவர்களின் மதிப்பையும் பெற்ற ஒரு மனிதரைப் பற்றி இந்தப் பொன்விழா மலரில் எழுத விரும்பினேன். அவர் கோபால கிருஷ்ண கோகலே அவர்கள். காந்தியடிகள் தம் அரசியல் குருவாக ஏற்றவர் என்ற அளவில் அவர் பெயரைப் பலரும் அறிவோம். கடல் கடந்து கூலிவேலைக்குப் போன தமிழர்களுக்காக அவர் சட்டசபையில் வாதாடியதை அறிந்தவர்கள் குறைவு.

கணக்கு வாத்தியார்

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் கோத்லுக் என்ற சிற்றூரில் 1866 மே 9ஆம் நாள் பிறந்தார். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு 15 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதில் மாதம் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பினார். அந்தப் பணத்தில் படித்து 1884இல் கோகலே பட்டதாரியானார். பெரிய உத்தியோகம் தேடாமல் புனேயில் குறைந்த சம்பளத்துக்கு ஆசிரியரானார். அவர் எழுதிய கணிதப் பாடநூல் பள்ளிகளில் நெடுங்காலம் பயன்பட்டது. நீதிபதி ரானடேயிடம் மாணவரைப் போல் இருந்து, அரசாங்க அறிக்கைகளையும் புள்ளிவிவரங்களையும் வரிவரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

ஒரு தவறும் ஒரு பாடமும்

1897இல் இந்திய அரசின் செலவுகளை ஆராய்ந்த வெல்பி கமிஷன்முன் சாட்சியம் சொல்ல லண்டன் சென்றார். அப்போது புனேயில் பிளேக் நோய் பரவியிருந்தது. வீடு வீடாகச் சோதனை செய்த ராணுவத்தினர் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டதாக ஊரிலிருந்து கடிதங்கள் வந்தன. கோகலே அவற்றை நம்பி அங்குள்ள பத்திரிகையில் சொல்லிவிட்டார். ஊர் திரும்பியபோது அதை நிரூபிக்க அவரிடம் சாட்சியம் இல்லை. அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆங்கிலேயர் ஏளனம் செய்தனர். சொந்த ஊராரோ கோழை என்றனர். பொதுவாழ்வே முடிந்தது என்று எண்ணும் அளவுக்கு அவமானம்.

அவர் ஒதுங்கிவிடவில்லை. 1899இல் பம்பாய் சட்டசபைக்குள் நுழைந்தார். பிற்காலத்தில் சட்டசபையில் அவர் வைத்த வாதங்களைப் பார்த்தால், ஒவ்வொன்றின் பின்னாலும் எண்ணும் ஆதாரமும் இருப்பதைக் காணலாம். பட்ட அடியிலிருந்து கற்ற பாடம் அது என்றே நான் நினைக்கிறேன்.

உபரி எங்கிருந்து வந்தது?

1902இல் அவர் கல்கத்தாவில் வைஸ்ராயின் சட்டசபையில் அமர்ந்தார். கர்சன் பிரபு வைஸ்ராயாக இருந்த காலம். சபையில் பெரும்பான்மை அரசாங்கத்திடம் இருந்தது. பட்ஜெட்டைப் பற்றி உறுப்பினர்கள் பேசலாம், வாக்களிக்க முடியாது. அந்த ஆண்டு அரசு பெரும் உபரி காட்டியது. எல்லோரும் பாராட்டிய அந்த உபரியைத்தான் கோகலே கேள்விக்குள்ளாக்கினார்.

கடையில் மாதக் கடைசியில் பணம் மிஞ்சினால், வியாபாரம் பெருகியதால் மிஞ்சியதா, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காததால் மிஞ்சியதா என்று பார்ப்போம் அல்லவா? அவரும் அப்படியே பார்த்தார். ரூபாயின் மதிப்பு விழுந்திருந்த காலத்தில், லண்டனுக்கு அனுப்பும் பணத்தை ஈடுகட்ட வரிகள் உயர்த்தப்பட்டன. பிறகு ரூபாயின் மதிப்பு ஏறியது. அரசின் சுமை குறைந்தது. வரி மட்டும் குறையவில்லை. பஞ்சத்தில் அடிபட்ட மக்களிடம் தேவைக்கு மேல் வாங்கிய பணமே உபரியாக நிற்கிறது, அது நாட்டின் செழிப்பைக் காட்டவில்லை என்று விளக்கினார். ராணுவத்துக்குச் செலவாகும் தொகைக்குப் பக்கத்தில் ஆரம்பக் கல்விக்குக் கிடைக்கும் சிறு தொகையை வைத்துக் காட்டினார்.

ஏழையும் வாங்கியாக வேண்டிய உப்பின்மீதான வரியைக் குறைக்கும்படி ஆண்டுதோறும் கேட்டார். ஒரு மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, இரண்டரை ரூபாயாக இருந்த உப்பு வரி 1903இல் 2 ரூபாயாகவும், 1905இல் ஒன்றரை ரூபாயாகவும், 1907இல் 1 ரூபாயாகவும் இறங்கியது. 1905இல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தபோது, காசி காங்கிரஸ் மாநாட்டுத் தலைவராக அதைக் கண்டித்தார். ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி வேண்டும் என்று 1911இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஜின்னா போன்ற இளம் உறுப்பினர்கள் ஆதரித்தும், 1912இல் அது 13க்கு 38 என்ற வாக்கில் தோற்றது.

கடல் கடந்த கூலிகளுக்காக

நம் பெரியவர்கள் சஞ்சிக்கூலி என்று சொன்ன ஒப்பந்தக் கூலி முறையில், ஏழைகளிடம் கைநாட்டு வாங்கி ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கப்பலேற்றினார்கள். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். வேலைக்கு வராவிட்டால் சிறை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆள் சேர்த்ததால் குடும்ப வாழ்வு சிதைந்தது.

1910 பிப்ரவரியில், நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தக் கோரி கோகலே தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஏற்றது. 1911 ஜூலையில் அந்தக் கப்பல்கள் நின்றன. 1912 மார்ச்சில், எந்த நாட்டுக்கும் இந்த முறையில் ஆள் அனுப்பக் கூடாது என்று அடுத்த தீர்மானம் வைத்தார். தோட்டங்களில் நடந்த தற்கொலைகளை எண்ணிக்கையோடு எடுத்துச் சொன்னார். அதிகாரிகளின் வாக்குப் பலத்தில் தீர்மானம் தோற்றது.

அதே ஆண்டு அக்டோபரில், நீரிழிவால் உடல் நலிந்திருந்தும் தென்னாப்பிரிக்கா சென்றார். டிரான்ஸ்வால் இந்தியர் சங்கத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர் அகமது முகமது கச்சாலியா என்ற துணி வியாபாரி. போராட்டத்தில் நின்றதற்காகக் கடன் கொடுத்தவர்கள் நெருக்கியபோது, கடையையே ஒப்படைத்துவிட்டு முழுக் கடனையும் தீர்த்தவர் அவர். ஒப்பந்தம் முடிந்த கூலிகள்மீது விதிக்கப்பட்ட ஆண்டுக்கு 3 பவுன் வரியை நீக்கும்படி கோகலே அங்குள்ள அமைச்சர்களிடம் வாதாடினார். நீங்கிவிடும் என்ற நம்பிக்கையோடு திரும்பினார். அது நிறைவேறவில்லை. 1913இல் தமிழர்கள் பெருமளவில் பங்குகொண்ட வேலைநிறுத்தம் வெடித்தது. கோகலே இந்தியாவில் நிதி திரட்டி அனுப்பினார். 1914இல் அந்த வரி ஒழிந்தது.

விதைத்தவர் பார்க்காத அறுவடை

1914இல் அரசு சர் பட்டம் தர முன்வந்தபோது கோகலே மறுத்துவிட்டார். 1915 பிப்ரவரி 19ஆம் நாள், 48 வயதில், புனேயில் காலமானார். 1916இல் அதே சபையில் பண்டித மாளவியா அவர்கள் கொண்டுவந்த தீர்மானத்தை அரசு ஏற்றது. 1917இல் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றுவது நின்றது. 1912இல் தோற்ற கேள்வி ஐந்தே ஆண்டில் வென்றது. கேட்டவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910இலேயே நின்றிருந்தது. கங்காணி முறை மட்டும் 1938 வரை தொடர்ந்தது. கோகலே தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தில் அவருக்குப் பின் தலைவரான வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி அவர்கள்தான், 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்து தோட்டத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். குரு விட்ட இடத்திலிருந்து சீடர் நம் மண்ணுக்கே வந்து கேட்டார்.

என் அத்தாவின் அத்தா ஏறக்குறைய அந்த நாட்களில்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். சொந்தக் காசில் சீட்டு எடுத்து, கடை வேலைக்கு வந்தவர்கள். அதே கப்பலின் மேல்தட்டில் தோட்டத்துக்குப் போகும் குடும்பங்களும் பாய் விரித்துப் படுத்திருந்ததை வீட்டில் சொல்வார்கள். கரை இறங்கியதும் இரு கூட்டத்தாரும் வேறு வேறு வழியில் போனார்கள். கடைவீதியில் இருந்த நமக்குத் தோட்டத்தில் இருந்தவர்களின் கணக்கு தெரியாமலே போய்விட்டது. கடல் கடந்து ஒரு நாளும் கூலிக்குப் போகாத ஒரு புனே வாத்தியார் அதைத் தம் கணக்காக எடுத்துக்கொண்டார்.

நம் பிள்ளைகளில் யாராவது அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து ஒரு செலவைப் பற்றிக் கேட்டால், அவரை உட்காரச் சொல்லாமல் பதில் சொல்வோம். கேட்கும் பிள்ளையும் ஆண்டறிக்கையை முழுதாகப் படித்துவிட்டுக் கேட்கட்டும். தவறாகக் கேட்டுவிட்டால் கோகலே அவர்களைப் போல் ஒப்புக்கொண்டு, மறுபடியும் சரியாகக் கேட்கட்டும். சங்கம் நூறாண்டு காண அந்தப் பழக்கம் வேண்டும்.