உடைந்த கிடாருக்குள் ஒரு வாழ்க்கை: யார் இந்த ஜான் டோப்யேரா?

பழைய ரெசனேட்டர் கிடார் ஒன்று சேதமான நிலையில் விற்பனைக்கு வருதா? பணம் கொடுக்கும் முன் உலோக மூடியைக் கழற்றிப் பாருங்க. உள்ளே ஜான் டோப்யேராவின் கதை இருக்கும்.

1893-ல் இன்றைய ஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். அப்பா மாவு அரைக்கும் தொழில் செய்தவர், வயலினும் செய்வார். 1908-ல் குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது.

எலெக்ட்ரிக் கிடார் பரவாத காலம் அது. இசைக்குழுவில் கிடார் சத்தமே எடுபடல. மேடைக் கலைஞர் ஜார்ஜ் பீச்சம் கேட்டதால், உலோக உடலுக்குள் மூன்று மெல்லிய அலுமினியக் கூம்புகளைப் பொருத்தினார் டோப்யேரா. 1927-ல் 'நேஷனல்' நிறுவனம் உருவானது.

கருத்து வேறுபாடு முற்றி வெளியேறியவர், சகோதரர்களோடு 'டோப்ரோ'வைத் தொடங்கினார். ஸ்லோவாக் மொழியில் அதற்கு 'நல்லது' என்று பொருள். இதில் கிண்ணம் மாதிரி ஒரே கூம்பு. மேலே எட்டுக்கால் சிலந்தி போன்ற தாங்கி. 1988-ல், 94 வயதில் மறைந்தார்.

ஆக, மூன்று கூம்பு என்றால் நேஷனல் பாணி, சிலந்தி என்றால் டோப்ரோ பாணி. கூம்பு நசுங்கியிருந்தால் மாற்றிக்கலாம். பழையதையும் கேட்டு வாங்கி வைங்க. கழுத்து வளைந்திருந்தால் செலவு எகிறும். விலையை அதற்கேற்பப் பேசுங்க.