தோர்ணக்கல் அத்தியட்சர் அசரியா

நம் குலத்திற் பிறந்து புகழெய்திய பெரியோரை நம் கூட்டங்களில் எடுத்துரைக்கும்போது, அத்தியட்சர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் பெயரும் தவறாது சொல்லப்படுகின்றது. ஆங்கிலிக்கன் திருச்சபையில் அத்தியட்சர் பதவி பெற்ற முதல் இந்தியர் நம்மவர் என்று நாம் மகிழ்வது இயல்பே. ஆயினும், அவர் யாருக்காக உழைத்தார் என்பதை நம்மிற் பலர் விசாரிப்பதில்லை. அதுபற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

அவர் 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் தேதி, திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபையின் குரு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்ற பின், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் காரியதரிசியாய்ப் பல ஊர்களுக்கும் சென்றார். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியதற்கு அவரே முதற்காரணர். வெள்ளையர் பொருளை எதிர்பாராது, நம் நாட்டார் பொருளாலும் ஆளாலும் நடைபெறவேண்டும் என்பது அச்சங்கத்தின் நியதி. அது தெரிந்துகொண்ட களம் நிஜாம் இராச்சியத்துத் தோர்ணக்கல். பிறரை அனுப்பியதோடு அமையாது, 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தாமும் அங்கே சென்று, தெலுங்கு கற்று, ஊழியம் புரிந்தார்.

1910-இல் எடின்பரோ மாநாட்டில், மிஷனெரிமாருக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே நட்பு இல்லாமையை அவர் வெளிப்படையாய் எடுத்துரைத்தது பலருக்குக் கசந்தது. எனினும் 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார்.

அவர் மேய்த்த மந்தையில் பெரும்பாலோர் மாலரும் மாதிகரும். ஊருக்குப் புறம்பே தள்ளப்பட்ட அவ்விரு கூட்டத்தாரும் தம்முள்ளேயே உயர்வு தாழ்வு பாராட்டி, ஒருவரோடொருவர் உண்ணவும் இசையாதவர்கள். கிறிஸ்துவின் பந்தியில் இருவருக்கும் ஒரே பாத்திரம் என்பதில் அவர் தளரவில்லை. எழுத்தறியாதோர்க்குப் பாட்டாலும் கதையாலும் வேதம் புகட்டினர். ஒவ்வொருவரும் ஞானஸ்நானம் பெற்றதும் தம் தலைமேற் கைவைத்து, நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லாதொழிந்தால் தமக்குக் கேடு என்று உரைக்குமாறு செய்தார். அன்று கரையேறினவனே அன்றே ஊழியனுமானான். வீடுதோறும் உலையிடுமுன் ஒரு பிடி அரிசி சபைக்கென எடுத்துவைக்கப் பழகினர். கூலியாட்களிடம் காணிக்கை கேட்பது கொடுமையன்றோ என்று சிலர் எண்ணக்கூடும். கொடுக்க அறியாத சபை என்றும் பிறர் கையையே பார்த்திருக்கும் என்பது அவர் கருத்து. அது சரியென்றே நாமும் கருதுகின்றோம். அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கையும் பகைவராகக் கருதி எதிர்த்தார். குருத்துவக் கல்விக்கு வந்தோரின் மனைவியரும் உடனிருந்து கற்றனர். இப்பணியில் அவர் துணைவியார் அன்பு மரியம்மாள் பெரிதும் உழைத்தார். அவ்வம்மையார் கல்லூரிக் கல்வி பெற்றவர். அக்காலத்துத் தென்னாட்டுப் பெண்டிருக்கு அது அரிது.

1932-இல் அரசாங்கத்தார் வகுப்புவாரித் தொகுதிகளை வழங்கியபோது, கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்றார். சபையானது சட்டசபை இடங்களுக்குப் போராடும் மற்றுமொரு சாதியாய்விடும் என அஞ்சினார். சாதிச் சங்கத்தின் பத்திரிகையில் இதனை எழுதும்போது நம் பேனா சற்றே தயங்குகின்றது. ஆயினும் மறைப்பது முறையன்று. நம் குலத்தார் பட்ட இழிவுகளும், அவற்றை நீக்கச் சங்கம் வேண்டியிருந்ததும் பொய்யல்ல. அவரோ அவ்விழிவை அறிந்தும், தம் குலத்தாரைவிடத் தாழ்த்தப்பட்டவர்களையே தேடிச் சென்றார்.

1939-இல் தோர்ணக்கல் தலைமைக் கோவில் பிரதிஷ்டையாயிற்று. கோவில் தூண்களின் சாயலும் மசூதிக் கும்பங்களின் சாயலும் அதில் விரவியுள்ளன. தென்னாட்டுத் திருச்சபைகள் ஒன்றாகவேண்டும் என்று 1919-இல் தரங்கம்பாடியிற் கூடியது முதல் அவர் இடைவிடாது முயன்றார். அவ்வைக்கியம் நிறைவேறியது 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-இல். அவரோ 1945-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலேயே காலமானார். அவர் உடல் வெள்ளாளன்விளைக்குக் கொண்டுவரப்படவில்லை; தோர்ணக்கலிலேயே அடக்கம் செய்யப்பட்டது.