பட்டாளத்தைக் கலைத்த வாத்தியார்

நாட்டைக் காக்க வேண்டிய பட்டாளமே துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தால் என்ன செய்வது?

ஜூலியஸ் நைரேரேக்கு இந்தச் சோதனை வந்தது. அவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கனிக்கா நாட்டின் ஜனாதிபதி. இன்றைய டான்சானியாவின் பெரும் பகுதி அந்த நாடுதான்.

1964-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி. தலைநகர் தார் எஸ் சலாமில் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். சம்பளம் உயர வேண்டும், வெள்ளைக்கார அதிகாரிகள் போக வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஜனாதிபதி ஒளிந்துகொள்ள நேர்ந்தது. சுதந்திரம் வாங்கி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. எந்தப் பிரிட்டிஷாரிடம் சுதந்திரம் வாங்கினாரோ, அவர்களிடமே உதவி கேட்டார். கப்பலில் வந்த பிரிட்டிஷ் வீரர்கள் 25-ந் தேதி கலகத்தை அடக்கினார்கள்.

பெரிய அவமானம்தான். நைரேரே பட்டாளத்தையே கலைத்துவிட்டார்!

பிறகு கட்சியின் வாலிபர் அணியில் ஆள் எடுத்துப் புதுப் பட்டாளம் அமைத்தார். சிப்பாய்களும் கட்சியில் சேரலாம் என்றார். பட்டாளத்தில் கட்சி புகலாமா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் பக்கத்து உகாண்டாவில் 1971-ல் இடி அமீன் படைபலத்தால் ஆட்சியைப் பிடித்தார். டான்சானியாவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததே இல்லை.

ஆடு மேய்த்த சிறுவன்

விக்டோரியா ஏரிக்கு அருகே பூட்டியாமா என்ற ஊரில் 1922-ல் நைரேரே பிறந்தார். தகப்பனார் சனாக்கி என்ற சிறிய இனத்தின் தலைவர். அவருக்கு 22 மனைவிகள்! பையன் ஆடு மேய்த்தான். பன்னிரண்டு வயதில்தான் பள்ளிக்கூடம் போனான். பின்னர் ஸ்காட்லாந்தில் எடின்பரோ சர்வகலாசாலையில் எம்.ஏ. படித்தார்.

ஊர் திரும்பி வாத்தியார் வேலை பார்த்தார். 1954-ல் சுதந்திரத்துக்காகக் கட்சி தொடங்கினார். வேலையா, அரசியலா என்று பள்ளி நிர்வாகம் கேட்டது. வேலையை விட்டார். ஆனாலும் மக்கள் அவரைக் கடைசிவரை 'முவாலிமு' என்றே அழைத்தார்கள். சுவாஹிலி பாஷையில் அதற்கு வாத்தியார் என்று பொருள்.

ஒரே பாஷை

அந்த நாட்டில் 120-க்கு மேற்பட்ட இனங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பேச்சு. இனத்துக்கு இனம் மோதினால் வெளியிலிருந்து எதிரி வரவே வேண்டாம். இதை நைரேரே நன்றாக அறிந்திருந்தார்.

சுவாஹிலி கடற்கரை வியாபாரிகளின் பாஷை. உள்நாட்டிலும் பரவியிருந்தது. எந்தப் பெரிய இனத்துக்கும் சொந்தமல்ல. ஆகவே யாருக்கும் பொறாமை இல்லை. அதையே ஆரம்பப் பள்ளிகளின் பாஷையாக்கினார். இந்தப் பாஷையில் உயர்ந்த விஷயங்களைச் சொல்ல முடியுமா என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தைத் தாமே சுவாஹிலியில் எழுதி 1963-ல் வெளியிட்டார்! ஜனாதிபதிக்கு இதற்கு எப்படி நேரம் கிடைத்ததோ!

உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வேறு வட்டாரத்து விடுதிகளுக்கு அனுப்பினார்கள். வடக்கே பிறந்தவனும் தெற்கே பிறந்தவனும் ஒன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தார்கள். 1967-க்குப் பிறகு ஜனத்தொகைக் கணக்கில் என்ன இனம் என்று கேட்பதையே நிறுத்தினார்கள். பெரியவர்களும் எழுத்துக் கற்றார்கள். 1967-ல் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1980-களின் நடுவில், அரசாங்கக் கணக்குப்படி, பத்தில் ஒருவருக்குத்தான் தெரியாது.

வாத்தியாரின் பிரம்பு

வாத்தியார் கையில் பிரம்பும் இருந்தது. விசாரணையின்றிச் சிறை வைக்கும் சட்டம் 1962 முதல் இருந்தது. எதிர்க்கட்சி கூடாது என்றார். 1973 முதல் லட்சக்கணக்கான குடியானவர்களைப் புதுக் கிராமங்களுக்குக் கட்டாயமாகக் குடியேற்றினார்கள். போக மறுத்தவர் வீடுகள் சில இடங்களில் எரிக்கப்பட்டன. விவசாயம் நொடித்தது. 1978-ல் இடி அமீன் படையெடுத்தபோது, போரும் செய்ய வேண்டியதாயிற்று.

1985-ல் நைரேரே தாமாகவே பதவியை விட்டார். பூட்டியாமாவுக்குத் திரும்பிப் பயிர் செய்தார்.

அப்போதும் ஓய்வில்லை. பக்கத்து புருண்டியில் ஹூட்டு, டூட்சி இனங்கள் வெட்டிக்கொண்டன. 1996 முதல் நைரேரே இரு தரப்பையும் அழைத்து உட்காரவைத்துப் பேசினார். அதற்குள் ரத்தப் புற்றுநோய் கண்டது. 1999 அக்டோபர் 14-ந் தேதி லண்டன் ஆஸ்பத்திரியில் காலமானார்.

அவர் விட்ட இடத்திலிருந்து நெல்சன் மண்டேலா பேச்சைத் தொடர்ந்தார். சண்டை உடனே ஓயவில்லை. ஆனால் 2000 ஆகஸ்டில், டான்சானியாவின் அருஷா நகரில், புருண்டித் தலைவர்கள் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார்கள்.