மன்னர் மனம் மாறிய இரவு

முடியாட்சி நடக்கும் நாட்டில், மன்னரே வெறுக்கும் சட்டம் எவ்வாறு நிறைவேறுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அயர்லாந்து நாட்டவர் தம் விடுதலை வீரராகப் போற்றும் டானியல் ஓ'கொனலின் வாழ்க்கை அதற்கு விடை சொல்லும்.

1775இல் கெரிப் பகுதியில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்து, பிரான்சில் கற்று, 1798இல் நியாயதுரந்தரரானவர் அவர். அந்நாளில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அமர்வோர், பூசைப்பலியும் தேவமாதாவை மன்றாடுவதும் விக்கிரக ஆராதனை என்று பிரகடனஞ் செய்யவேண்டும். எந்தக் கத்தோலிக்கன் செய்வான்? (நமது இலங்கையிலோ, ஒல்லாந்தர் காலத்துத் தடைகளை ஆங்கிலேயர் 1806இலேயே நீக்கிவிட்டிருந்தனர்!)

1823இல் ஓ'கொனல் கத்தோலிக்க சங்கத்தைத் தொடங்கினார். மாதம் ஒரு பென்னி சந்தா. ஏழைக் குடியானவனும் அங்கத்தவனானான்.

1828இல் வாய்ப்பு வந்தது. புதிதாக மந்திரி பதவி ஏற்பவர் மீண்டும் தம் தொகுதி மக்களிடம் வாக்குக் கேட்கவேண்டும் என்பது அன்றைய சட்டம். அப்படிக் கிளேயர் தொகுதிக்கு வந்த மந்திரியை எதிர்த்து ஓ'கொனல் நின்றார். கத்தோலிக்கர் சபையில் அமரத்தான் தடை, போட்டியிடத் தடையில்லை. குருமார் துணைநிற்க, குத்தகைக் குடிகள் நிலப்பிரபுக்களை மீறி வாக்களித்தனர். அவருக்கு 2,057, மந்திரிக்கு 982.

அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் மூளுமென்று அஞ்சிய பிரதம மந்திரி வெலிங்டன், தாம் முன்பு எதிர்த்த சலுகையைத் தாமே மசோதாவாக்கினார். நான்காம் ஜோர்ஜ் மன்னர் மறுத்தார். முடிசூட்டு விழாவில் புரட்டஸ்தாந்து மதத்தைக் காப்பதாகச் செய்த சத்தியம் அவரை உறுத்தியது. 1829 மார்ச் 4ஆம் திகதி வின்ட்சர் மாளிகையில் மந்திரிமார் இராஜினாமாவை முன்வைத்தனர். அவர்களை அனுப்பிவிட மன்னருக்கு உரிமை இருந்தது. ஆனால் பொதுச்சபையின் ஆதரவைப் பெற்று அரசு நடத்த வேறு மந்திரிமார் வேண்டுமே! அப்படி எவரும் அகப்படவில்லை. அன்றிரவே மன்னர் இணங்கிக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 13இல் அரச சம்மதம் கிடைத்தது.

ஆனால் அதற்கொரு விலையும் இருந்தது. அயர்லாந்தில் வாக்குரிமைக்கான நில வருமானம் 40 சிலிங்கிலிருந்து 10 பவுணாக உயர்த்தப்பட்டது. கிளேயரில் துணிந்து வாக்களித்த ஏழைகளே வாக்கை இழந்தனர். இதை வெற்றி என்று மட்டும் எழுத என் மனம் ஒப்பவில்லை.

மே மாதம் சபைக்குச் சென்ற ஓ'கொனலிடம், அவர் முன்னரே தெரிவானவர் என்று கூறிப் பழைய சத்தியப்பிரமாணத்தையே நீட்டினார்கள். வாசித்துப் பார்த்து மறுத்துவிட்டார். கிளேயர் மக்கள் அவரைப் போட்டியின்றி மீண்டும் தெரிவுசெய்தனர். 1830இல் ஆசனத்தில் அமர்ந்தார்.

1847இல், உரோமாபுரிக்கு யாத்திரை செல்லும் வழியில், ஜெனோவாவில் இறந்தார். அவரது இருதயம் உரோமைக்கும் உடல் டப்ளினுக்கும் எடுத்துச் செல்லப்பட்டன.